இரத்தினபுரிக் குழியில் பங்கு போடலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். என் மச்சான் வேலை விஷயமாக அடிக்கடி கொழும்பு போய்வருகிறவர். இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக்கல் குழியில் முப்பதாயிரம் மலேசிய வெள்ளி போட்டால், கிடைக்கிற கல்லில் நமக்கும் பங்கு வரும் என்கிறார். கல் கழுவும் வீடியோ ஒன்றும் அனுப்பினார். நிஜமாகவே அங்கே அவ்வளவு கல் இருக்கிறதா? எப்படி எடுக்கிறார்கள்? ஈயமும் தங்கமும் கிடைத்த நம் நாட்டில் ஏன் நீலக்கல் இல்லை? மஸ்ஜித் இந்தியா பக்கம் நான் வாங்கிய மோதிரத்தில் இருப்பது சிலோன் நீலம் என்றார்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கல் இருப்பது உண்மை. நீங்கள் பணம் போட வேண்டாம். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கும் அதிலேயே பதில் வந்துவிடும். லெபோ அம்பாங் பக்கத்து நகைக்கடைகளுக்குக் கல் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் குழியைவிடக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம்தான். குருந்தம் என்பார்கள். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, வேறொன்றும் இல்லை. சுத்தமாக இருந்தால் கண்ணாடி போல நிறமற்று இருக்கும். துளி குரோமியம் புகுந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் நீலம். மஞ்சளாக வந்தால் அதையே கனகபுஷ்பராகம் என்று விற்கிறோம். அலுமினியத்துக்கு உலகத்தில் பஞ்சமே கிடையாது, உங்கள் வீட்டுச் செங்கல்லிலும் இருக்கிறது. பிறகு ஏன் இந்தக் கல் இவ்வளவு அரிது? பக்கத்தில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற சரக்கு, இருந்தால் அலுமினியம் அதோடு சேர்ந்து வேறு சாதாரணக் கனிமமாகிவிடும். அலுமினியம் நிறைய, சிலிக்கா குறைவு, சூடும் அழுத்தமும் கடுமை என்று எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தால்தான் குருந்தம் உருவாகும். பூமியின் மேலோட்டில் சிலிக்கா இல்லாத மூலையைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

இலங்கைக்கு அந்த அமைப்பு வாய்த்திருக்கிறது. தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது, இன்றைய இலங்கை, மடகாஸ்கர், தென்னிந்தியா, மொசாம்பிக், தான்சானியா எல்லாம் அந்த மோதலின் நடுவில் சிக்கிக்கொண்டன. பாறைகள் பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், 800 டிகிரிக்கு மேலான சூட்டில் வெந்து, மறுபடி மேலே வந்தன. தீவின் நடுவில் மலைநாட்டை ஒட்டி ஓடும் பட்டையைத்தான் புவியியலாளர்கள் ஹைலண்ட் தொகுதி என்கிறார்கள். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, எலஹெர, ஒக்கம்பிட்டிய என்று கல்லுக்குப் பேர்போன ஊர்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டையிலோ அதன் ஓரத்திலோதான் வருகின்றன. மடகாஸ்கரும் மொசாம்பிக்கும் அதே குடும்பம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மோதிரத்தைப் பற்றிப் பேசும்போது அது வேண்டியிருக்கும்.

நம் தீபகற்பத்தின் கதை வேறு. தித்திவாங்சா மலைத்தொடர் கிரானைட். ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி உறைந்த பாறை, அதில் சிலிக்கா தாராளமாக இருக்கிறது. அப்படிப்பட்ட கிரானைட் உறையும்போது கடைசியில் மிஞ்சும் சூடான திரவத்தில் ஈயம் (வெள்ளீயம்) சேரும், டங்ஸ்டன் சேரும், சில இடங்களில் டோபாஸும் சேரும். மியன்மாரிலிருந்து தாய்லாந்து, பேராக், சிலாங்கூர் வழியாக இந்தோனேசியாவின் பாங்கா, பெலித்துங் தீவுகள் வரை ஓடும் ஈயப் பட்டை இதனால் வந்ததுதான். கிந்தா பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் ஈப்போ இல்லை. அம்பாங்குக்கு ஈயம் தோண்டப் போனவர்கள் 1857 இல் கோம்பாக்கும் கிள்ளானும் கூடுமிடத்தில் இறங்கியிருக்காவிட்டால் நீங்களும் நானும் இருக்கும் இந்தக் கோலாலம்பூரும் இல்லை. நீலத்துக்கு வேண்டிய சிலிக்காப் பஞ்சம் மட்டும் நமக்கு அமையவில்லை. பூமிக்குள் கனிமம் நிறைந்த நாடு என்றால் எல்லாக் கனிமமும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அப்படி இல்லை. இலங்கையிலும் சும்மா சொல்லக்கூடாது, இத்தனை வகைக் கல் இருந்தும் வைரம் கிடையாது. மாத்தறை வைரம் என்று ஒரு காலத்தில் விற்றது நிறமற்ற ஸிர்கான்.

இருந்தாலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஈயம் எடுத்த விதமும் நீலம் எடுக்கிற விதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் இரண்டு இடத்திலும் பாதி வேலையை மழை முடித்துவைத்திருக்கிறது. வெப்ப மண்டலத்து மழையில் பாறை உளுத்து மண்ணாகிறது. கெட்டியான, கனமான கனிமம் மட்டும் உளுக்காமல் மிஞ்சுகிறது. ஓடையும் ஆறும் அதை உருட்டிக்கொண்டு வந்து, வேகம் குறையும் திருப்பங்களில் போட்டுவிட்டு லேசான மணலை மட்டும் கடலுக்கு அள்ளிப்போகின்றன. சாதாரணப் படிகக் கல் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு எடை. நீலம் 4 மடங்கு. ஈயக் கனிமம் ஏழு மடங்கு. இங்கே டூலாங் தட்டை ஆற்றில் சுழற்றிய பெண்களும், இரத்தினபுரியில் கூடையைச் சுழற்றுகிற ஆண்களும் நம்புவது இந்த எடை வித்தியாசத்தைத்தான். வீட்டில் அரிசி அரிப்பது தெரியும் அல்லவா, அதே கைப்பழக்கம். அங்கே கல்லை வைத்துக்கொண்டு மற்றதை விடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, குழிக்கு வருவோம்.

களு கங்கைப் பள்ளத்தாக்கில் கல் கிடக்கும் சரளைப் படுகையை இல்லம என்கிறார்கள். அது பழைய ஆற்றுப் படுகை. இன்று மேலே வயல் இருக்கும், ரப்பர் தோட்டம் இருக்கும், சில சமயம் ஒருவரின் வீட்டு முற்றமே இருக்கும். நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் அறைந்து இறக்கிப் பார்ப்பார்கள். சரளையைத் தொட்டால் கம்பி வழியாகக் கையில் ஓர் அரைப்பு தெரியும், காதிலும் கேட்கும். அனுபவசாலி அந்தச் சத்தத்தை வைத்தே இன்ன சரளை என்பார். பிறகு பூசை போட்டுவிட்டுச் சிறிய சதுரக் குழி தோண்டுவார்கள். சில இடங்களில் சில மீட்டரிலேயே இல்லம வந்துவிடும். சில இடங்களில் முப்பது மீட்டர் வரை இறங்க வேண்டும்.

நான் இறங்கிப் பார்த்த குழி நடுத்தர ஆழம். வாயிலிருந்து அடிவரை நான்கு பக்கமும் மரக்கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கட்டைக்கும் மண்சுவருக்கும் இடையில் பச்சைப் பெரணித் தழையைக் கைபிடி கைபிடியாகத் திணித்திருந்தார்கள். சேறு கட்டைக்கு இடையே பிதுங்கி வராமல் தடுக்கவும், தண்ணீர் மட்டும் கசிந்து வெளியேறவும் அந்தத் தழை. உள்ளே இறங்கினால் ஈரத் தழை வாடை மூக்கைத் துளைக்கும். மேலே ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் சத்தம் நின்றால் கீழே இருப்பவர்கள் உடனே ஏறிவிடுவார்கள், ஏனென்றால் தண்ணீர் காத்திருக்காது. காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெழுகுவர்த்தி. சுடர் மங்கினால் வெளியே வந்துவிட வேண்டும். அடியில் இல்லமவைத் தொட்டதும் அதைப் பின்தொடர்ந்து பக்கவாட்டில் சுரங்கம் போடுவார்கள். குனிந்துகூடப் போக முடியாது, தவழ வேண்டும். இராட்டினத்தில் கூடை கூடையாகச் சரளை மேலே வரும். அதை ஒரு பக்கம் குவித்து வைப்பார்கள், உடனே கழுவுவதில்லை.

உடனே கழுவாததற்குக் காரணம் இருக்கிறது. கழுவும் நாளில் பங்குக்காரர்கள் எல்லாரும் வந்து நிற்க வேண்டும். தேங்கிய தண்ணீருக்குள் இடுப்பளவில் நான்கைந்து பேர் இறங்கி, வட்டக் கூடையில் சரளையைப் போட்டுச் சுழற்றிச் சுழற்றி மண்ணையும் லேசான கல்லையும் வெளியே தள்ளுவார்கள். கடைசியில் கூடையின் அடியில் ஒரு கைப்பிடி கனமான கறுப்பு மணல், கார்நெட், ஸிர்கான் என்று மிஞ்சும். அந்தக் கூடையை வெயிலில் சாய்த்துப் பிடித்து அனுபவசாலி ஒருவர் விரலால் கலைப்பார். சுற்றி நிற்கிற அத்தனை கண்ணும் அந்த விரலில்தான். கல் என்று ஏதாவது தென்பட்டால் எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் தனியே வைப்பார். பெரும்பாலான கூடைகளில் ஒன்றுமே இருக்காது. நாள் முழுக்கக் கழுவிவிட்டு வெறும் கையோடு போவது அங்கே சாதாரணம், யாரும் முகம் சுளிப்பதுகூட இல்லை.

இந்தக் காட்சியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. குழிக்கு இருக்கும் கணக்குமுறை முழுவதும் கண்ணால் பார்ப்பதை நம்பி நிற்கிறது. பெரும்பாலான குழிகளில் தொழிலாளிக்கு முறையான கூலி கிடையாது. சாப்பாடும் சிறு கைச்செலவும் கொடுப்பார்கள், மற்றது விற்கிற கல்லில் பங்கு. நிலக்காரருக்கு ஒரு பங்கு, பல இடங்களில் ஐந்தில் ஒன்று. உரிமம் வைத்திருப்பவருக்கு ஒன்று, பம்ப் கொடுத்தவருக்கு ஒன்று. மிச்சத்தைக் குழியில் உழைத்தவர்களும் செலவுக்குப் பணம் போட்டவர்களும் பிரித்துக்கொள்வார்கள். வீதம் ஊருக்கு ஊர் மாறும். உதாரணத்துக்கு நூறு ரூபாய்க்குக் கல் விற்றது என்று வையுங்கள். நிலக்காரருக்கு 20, உரிமத்துக்கும் பம்புக்கும் இன்னொரு 20 போய்விட்டால் மிஞ்சுவது 60. அதில் பாதி உழைத்தவர்களுக்கு. மீதி 30 தான் பணம் போட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து. உங்கள் மச்சான் சொல்வது அந்த முப்பதுக்குள் ஒரு துண்டு. அந்தத் துண்டும், கல் கிடைத்தால், அது உங்கள் முன் எடுக்கப்பட்டால், சரியான விலைக்கு விற்றால். மூன்றாவதைக்கூட விட்டுவிடலாம், நடுவில் இருக்கிறதே, கழுவும் நாளில் பக்கத்தில் நிற்பது, அதைச் செந்தூலிலிருந்து எப்படிச் செய்வீர்கள்? கல் என்பது விரல் நகத்தைவிடச் சிறிய பொருள். வாயில் அடக்கினால் தெரியாது. அங்கே எல்லாரும் திருடர்கள் என்று சொல்லவில்லை, நான் பழகியவரை நாணயமானவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த நாணயத்தைக் காப்பாற்றுவதே எல்லாரும் சுற்றி நிற்பதுதான். தூரத்துப் பங்குக்காரனுக்கு அந்த முறையில் இடமே இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை வந்தால் இரத்தினபுரி முழுகும். 2003 லும் 2017 லும் வந்த வெள்ளம் உலகச் செய்தியானது. சாதாரண ஆண்டுகளிலும் மழைக்காலத்தில் பல குழிகள் நின்றுபோகும். மழை நின்றதும் தண்ணீர் இறைக்க டீசல் செலவு மட்டும் முதலில் வரும். உங்கள் முப்பதாயிரம் அதற்கே போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் மறுக்கவும் முடியாது, ஏனென்றால் அது உண்மையாகவே இருக்கலாம்.

சட்டம் இல்லாத காடு என்றும் நினைத்துவிட வேண்டாம். 1970களின் தொடக்கத்திலேயே அரசு இதற்கென ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய மாணிக்கக்கல், ஆபரண அதிகார சபை வந்தது. குழிக்கு உரிமம் அதுதான் கொடுக்கிறது. தோண்டி முடித்தபின் குழியை மூடுவதற்கு முன்பணமும் வாங்கி வைத்துக்கொள்கிறது, மூடினால் திரும்பக் கிடைக்கும். மூடாத குழி ஆளை விழுங்கும், மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கும். பொக்லைன் வைத்துப் பெரிய அளவில் தோண்டுவதைத் தாராளமாக அனுமதிப்பதில்லை. கையால் தோண்டும் சின்னக் குழிகளையே பெருமளவில் வைத்திருப்பதால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பு கிடைக்கிறது, பூமியும் ஒரேயடியாகத் தீர்ந்துபோகவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் இலங்கை செய்த உருப்படியான காரியம் அதுதான். மொசாம்பிக்கில் 2009 இல் மொண்டபுவேஸில் மாணிக்கம் கண்டுபிடித்ததும் பெரிய கம்பெனி இறங்கி இயந்திரம் வைத்து எடுக்கிறது. கல் ஏராளமாக வருகிறது, ஆனால் அங்கே முன்பு கையால் தோண்டியவர்களுக்கும் கம்பெனிக் காவலுக்கும் நடந்த மோதல்கள் நீதிமன்றம் வரை போயின.

உங்கள் மச்சான் வீடியோவோடு சேர்த்து அந்த 510 கிலோ கல் கதையையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். 2021 இல் வந்த செய்தி. இரத்தினபுரியில் ஒரு வியாபாரியின் வீட்டில் கிணறு தோண்டியபோது கிடைத்த நீலக்கல் கொத்து, ஏறக்குறைய 25 லட்சம் காரட், பத்து கோடி அமெரிக்க டாலர் வரை போகலாம் என்று எழுதினார்கள். அது கொத்து, காட்சிப் பொருள். அறுத்துப் பட்டைதீட்டி மோதிரத்தில் வைக்கிற தரம் வேறு, அருங்காட்சியகத்தில் வைக்கிற பாறை வேறு. எடையைக் காரட்டில் சொன்னதும் நம் மனசு தானாக மோதிரக்கல் விலையால் பெருக்கிக்கொள்கிறது. 2012 இல் கதிர்காமம் பக்கம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. ரோடு போடுவதற்காக வெட்டிக்கொண்டு வந்து கொட்டிய மண்ணில் நீலம் மின்னியது. செய்தி பரவியதும் ஊரே மண்வெட்டியோடு வந்துவிட்டது, காவல் போட வேண்டியதாயிற்று. அபூர்வமாக, ஆறு உருட்டாத, பாறையிலேயே கிடந்த கல் அது, முனை மழுங்காமல் படிக வடிவத்தோடே வந்தது. முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

இப்போது பணம் எங்கே என்று பார்ப்போம். குழியில் இருப்பதைவிட அதற்குப் பிறகுதான் பணம் அதிகம். இதற்கு நல்ல உதாரணம் கெவுட.

கெவுட என்பது பால்போல் வெளிறிய குருந்தம். நிறமும் இல்லை, தெளிவும் இல்லை. ஒரு காலத்தில் அதைக் கழித்துப் போட்டார்கள், தோட்டத்து நடைபாதையில்கூடக் கொட்டினார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் வயிறெரிந்து சொல்வார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மூட்டை மூட்டையாக, மலிவு விலைக்கு வாங்கிப் போனார்கள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. சந்தபுரியிலும் பாங்காக்கிலும் உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றினார்கள். கெவுடவின் பால் நிறத்துக்குக் காரணம் உள்ளே பட்டு இழைபோல் கிடக்கிற டைட்டானிய ஊசிகள். அந்தச் சூட்டில் ஊசி கரைந்து டைட்டானியம் கல்லுக்குள் பரவி, ஏற்கெனவே உள்ளே இருந்த இரும்போடு இணை சேர்கிறது. உலையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் நீலம் பிறக்கிறது. குருந்தம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் கல் உருகாமல் தப்பிக்கிறது. பல ஆண்டுகள் கழித்துத்தான் இலங்கைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்து அவர்களும் உலை வைத்தார்கள். குப்பை விலைக்கு விற்ற கல் நீலமாகத் திரும்பி வந்ததில் லாபம் எடுத்தது, குழி வைத்திருந்த நாடும் இல்லை, தோண்டிய ஆளும் இல்லை. உலை வைத்திருந்தவர்.

அதற்கு அடுத்தது வியாபாரம். இரத்தினபுரியில் தெருவிலேயே சந்தை நடக்கும். காகிதப் பொட்டலத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள், வெயிலுக்கு நேரே கல்லைத் தூக்கிப் பார்ப்பார்கள். அங்கிருந்து நல்ல கல் பேருவளைச் சீனன்கோட்டைக்குப் போகும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் கல் வியாபாரம் செய்கிற ஊர். நம் காயல்பட்டினத்து வியாபாரிகளுக்கும் அந்தத் தொழிலோடு பழைய உறவு உண்டு, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கல் விற்ற பழைய கைகள் சிலர் அந்த வழி வந்தவர்கள்தான். சீனன்கோட்டையில் உட்கார்ந்து விலை பேசும்போது சிலோன் தமிழ் காதில் விழுவது எனக்கு எப்போதுமே சுகம். அங்கே விற்கிற ஆள் முரட்டுக்கல்லைக் கையில் எடுத்ததும் எங்கே அறுத்தால் நிறம் முகத்துக்கு வரும், எவ்வளவு எடை போகும் என்று மனக்கணக்குப் போட்டுவிடுவார். அந்தக் கணக்குக்குத்தான் அவருக்குப் பணம்.

இங்கேதான் உங்கள் மோதிரம் வருகிறது. 1998 இல் மடகாஸ்கரில் இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் பெருமளவு கிடைத்தபோது முதலில் ஓடிப்போய்க் கடை போட்டவர்களில் இலங்கை வியாபாரிகளும் தாய்லாந்துக்காரர்களும் உண்டு. அந்த முரட்டுக்கல் இலங்கைக்கு வந்து அறுபட்டு, இலங்கைச் சந்தையிலேயே விற்பனையாகிறது. மேலே சொன்னேனே, இரண்டு நாடும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த பாறை. கல்லின் உள்ளமைப்பும் அவ்வளவு ஒத்துப்போகும். நல்ல ஆய்வகம்கூடச் சில கற்களில் திணறும். ஆகவே இரத்தினபுரித் தெருவில் நீங்களே நின்று வாங்கினாலும் அது இரத்தினபுரிக் கல் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆய்வக அறிக்கையில் பிறந்த நாடு என்று போடுவது நிபுணரின் கருத்து, பிறப்புச் சான்றிதழ் இல்லை. மஸ்ஜித் இந்தியாவில் உங்களுக்கு விற்றவர் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தம் கிடையாது, அவருக்கே தெரிந்திருக்காது.

நாடு எது என்பதைவிட முக்கியமான மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அது இயற்கைக் கல்லா, சூடேற்றியதா, வேறு எதையாவது உள்ளே புகுத்தியிருக்கிறார்களா.

முதல் கேள்விக்குப் பத்து மடங்கு லென்ஸே பாதி பதில் சொல்லிவிடும். 1902 இல் வெர்னெய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை உலகுக்கு அறிவித்தார், சில ஆண்டுகளில் நீலமும் வந்தது. அது கண்ணாடி இல்லை, அசல் குருந்தமே, ஆனால் தொழிற்சாலையில் பிறந்தது. விளக்குக்கு எதிரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே நிறம் வில்போல் வளைந்த கோடுகளாகத் தெரியும், குட்டிக் குமிழிகளும் இருக்கலாம். இயற்கைக் கல்லில் நிறக்கோடு இருந்தால் நேராக ஓடி, கோணத்தில் மடங்கும். பட்டு ஊசிகள் 60 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும். பாட்டி காலத்துப் பர்மாக் கெம்பு என்று என்னிடம் வருகிற சிவப்புக்கல் தோடுகளில் வளைகோடு தெரிந்த தோடுகள் எத்தனையோ. சொன்னால் முகம் வாடிவிடும். கல் செயற்கையானாலும் தோடு பாட்டியுடையதுதானே என்று சொல்லி அனுப்புவேன்.

சூடேற்றுவது ஏமாற்று இல்லை. சந்தையில் உள்ள நீலத்தில் பெரும்பகுதி சூடேற்றியதுதான், நிறம் அப்படியே நிலைத்திருக்கும். சொல்லி விற்க வேண்டும், அவ்வளவே. சூடேற்றாத கல் விலை கூட, அதனால் அங்கே மட்டும் அறிக்கை கேட்க வேண்டும். சூடுபட்ட கல்லில் அந்தப் பட்டு ஊசிகள் அறுந்து புள்ளி புள்ளியாகக் கிடக்கும், அனுபவப்பட்ட கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதுதான் வம்பு. 2001, 2002 வாக்கில் தாய்லாந்திலிருந்து ஆரஞ்சு நிறக் கற்கள் திடீரென்று குவிந்தன. பெரிலியத்தைச் சூட்டோடு கல்லுக்குள் ஊடுருவவிட்டு நிறம் மாற்றியிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க ஆய்வகங்களுக்கே கொஞ்ச காலம் பிடித்தது. பிறகு விரிசல் விழுந்த மட்ட ரக மாணிக்கத்தில் காரீயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊற்றி நிரப்பினார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். நகை செய்கிறவர் பற்றவைக்கும்போதோ எலுமிச்சைச் சாறு பட்டோ கண்ணாடி அரித்துப்போய் விரிசல் தெரிய ஆரம்பிக்கும். ஒரு கிராம் நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி என்று பெரிய பெரிய மாணிக்கம் விற்றால் அதுதான் சமாச்சாரம்.

நவரத்தின மோதிரத்துக்குக் கல் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எல்லாரும் நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் அலைகிறார்கள். இலங்கையில் நல்ல தரத்தில், ஏமாற்று குறைவாக, வாங்க முடிகிற விலையில் கிடைப்பது கோமேதகம். அதை யாரும் சூடேற்றிப் பிழைப்பதில்லை. வைடூரியமும் அங்கே அருமையாகக் கிடைக்கும், விலை மட்டும் ஏறிவிட்டது. கூடையின் அடியில் கிடக்கும் வகைகளைச் சொல்லி மாளாது. 1945 இல் டப்ளினில் ஒரு நகைக்கடையில் வாங்கிய பட்டைதீட்டிய கல் ஒன்று, உலகத்துக்கே தெரியாத கனிமம் என்று பிறகு தெரியவந்தது. வாங்கியவர் பெயரால் அதை டாஃபைட் என்கிறார்கள், இலங்கைச் சரளையில் கிடைக்கிற கல். ஏகநாயக்க என்பவர் கண்டெடுத்ததால் ஏகனைட் என்று பேர் வைத்த பச்சைக் கல்லும் உண்டு, அது கதிரியக்கம் உள்ளது, மோதிரத்தில் போட வேண்டாம்.

உங்கள் மோதிரத்துக்கு வழி சுலபம். கோலாலம்பூரிலேயே கல் ஆய்வு செய்கிறவர்கள் இருக்கிறோம், அசலா செயற்கையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கல் இயற்கை, எடையும் நல்ல எடை, விலையும் பெரிது என்றால் மட்டும் பாங்காக்கில் உள்ள ஜி.ஐ.ஏ. போன்ற பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஆய்வுச் செலவு கல் விலையை எட்டிவிடும்.

மச்சானோடு மனத்தாங்கல் வேண்டாம். கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: அதிகார சபை கொடுத்த இந்த ஆண்டு உரிமத்தின் நகல் ஒன்று, அது யார் பெயரில் இருக்கிறது, எந்த நிலத்துக்கு என்று தெரிய வேண்டும். நிலக்காரரோடு போட்ட பங்கு ஒப்பந்தம் ஒன்று. இதுவரை கழுவிய நாள்களில் என்ன கிடைத்தது, எவ்வளவுக்கு விற்றது, யார் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்குப் புத்தகம் ஒன்று. நிஜமான குழி என்றால் மூன்றும் இருக்கும். இருந்தாலும் நான் சொன்ன காரணத்தால் பணம் போட வேண்டாம், அந்த முப்பதாயிரத்தில் அறிக்கையோடு ஒரு நல்ல கல்லையே வாங்கிவிடலாம், அதாவது கையில் இருக்கும். அவர் அனுப்பிய வீடியோவைப் பார்த்துக் கல் எப்படி என்று சொல்லச் சொல்லி எனக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தண்ணீரில் நனைந்த கல் எல்லாமே வீடியோவில் மாணிக்கம் மாதிரிதான் இருக்கும்.